லாரியை மலையேறும் வீடாக மாற்றுவது: சேலம், ஏற்காடு பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

சின்ன லாரியின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் ஒரு பெட்டி கட்டி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் வைத்து, தார் போடாத மலைப்பாதையிலும் போய்த் தங்கும் வண்டியாக மாற்றுவதைப் பற்றியது இந்தப் பக்கம். சேலத்துக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. லாரித் தொழில் நம்மைச் சுற்றியே இருக்கிறது. சங்ககிரியில் லாரி உரிமையாளர்கள், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள். வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தக் கைகள் பழகியது பல டன் சரக்கைத் தாங்கும் பாடிக்கு. நமக்கு வேண்டியது முடிந்தவரை லேசான பெட்டி. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்துக்கே திரும்ப வரும்.

எந்த வண்டியை எடுப்பது? ஏலத்தில் வரும் ராணுவ லாரி நல்லதா?

ராணுவத்தில் ஓடிய அசோக் லேலண்ட் ஸ்டாலியன் ஏலத்துக்கு வரும்போது பலருக்கும் ஆசை வருகிறது. உறுதியான வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஓட்டப்போகும் பாதையை முதலில் பாருங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனபின் எஸ்டேட் பாதைகள்: ஒரு பக்கம் காபிச் செடி, மறுபக்கம் சரிவு, தலைக்கு மேல் சில்வர் ஓக் கிளைகள். பெரிய லாரிக்கு எதிரே ஒரு ஜீப் வந்தால் யார் பின்னால் போவது என்பதே பெரிய பாடாகிவிடும்.

இன்னொரு காரணம் லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது சட்டப்படி இலகுரக வாகனம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும், இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் இந்த எடைக்குள் வரும் சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று உறுதி செய்தது. ஸ்டாலியன் அந்த வரம்பைத் தாண்டிய வண்டி.

என் தேர்வு: இரண்டு பேருக்கு மஹிந்திரா பொலேரோ கேம்பர், இசுசு டி-மேக்ஸ் மாதிரியான பிக்கப். நான்கு பேருக்கு டாடா 407 அளவு. 407 சந்தைக்கு வந்தது 1986-ல். அதன் உதிரிபாகம் கிடைக்காத ஊரும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக்கும் தமிழ்நாட்டில் அரிது. நடுக்காட்டில் நிற்கும்போது இதைவிடப் பெரிய சிறப்பம்சம் வேறில்லை.

ஃபோர் பை ஃபோர் கட்டாயமா?

கோடையில் எஸ்டேட் பாதைகளுக்கு வேண்டாம். மழை பெய்து செம்மண் குழைந்த பிறகு வேண்டும். நான்கு சக்கரமும் இழுப்பது பாதி நன்மைதான். கூட வரும் லோ கியர், இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமலே வண்டியை நடைவேகத்தில் பிடித்து வைக்கும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிதான் கையில் இருக்கிறது என்றால் நல்ல டயர், ஒரு காற்று கம்ப்ரஸர், மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு பலகை. இவற்றோடு எங்கே திரும்பி வரவேண்டும் என்ற தெளிவும் இருந்தால் போதும்.

ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்வாரா அண்ணா? பழைய லாரியை வாங்கி மாற்றிவிட்டு ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எழுதிக்கொள்ளலாமா?

தம்பி, வெல்டிங் மிஷினை எடுப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொன்னது. ஆகவே பதிவான பழைய சரக்கு லாரியைக் கட்டி முடித்துவிட்டு ஆபீஸில் போய் நிற்பது ஆபத்தான வழி.

நேர்வழி இரண்டு. ஒன்று, கேபினோடு வெறும் சேசிஸாகப் புது வண்டி வாங்கி, மோட்டார் கேரவனுக்கான, அதாவது தங்கும் வசதியுள்ள வண்டிக்கான, ஏ.ஐ.எஸ்.-124 என்ற வாகனத் தரப்படி ஒப்புதல் பெற்ற பாடி கட்டுநரிடம் பெட்டி கட்டி, அதன் பிறகு பதிவு செய்வது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் வருகிறது. சரக்கு பெர்மிட் தொல்லை அதோடு போயிற்று.

இரண்டாவது, வண்டியைத் தொடாமல், பிக்கப்பின் தொட்டியில் ஏற்றி இறக்கக்கூடிய தனிப் பெட்டியாகச் செய்வது. நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து இறக்கி நிறுத்தினால் வண்டி மறுபடி பிக்கப்தான். இதில் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது: ஓடும்போது பெட்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது, வண்டி சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் அதன் விதிகள் அப்படியே பொருந்தும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வாகனத்துக்கு பெர்மிட் தேவையில்லை என்பது இங்கே உதவும்.

எந்த வழியாக இருந்தாலும் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்துங்கள். சொல்லாத மாற்றம் இருக்கிற வண்டிக்கு விபத்து நேரத்தில் பணம் தர மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

எடை எடை என்கிறீர்களே, லாரி தாங்காதா?

தாங்கும். ஆனால் ஏறவும் இறங்கவும் திரும்பவும் வேண்டுமே. ஒரு கணக்கைப் பாருங்கள். நீளம் 3.4 மீட்டர், அகலமும் உயரமும் 1.9 மீட்டர் என்று ஒரு பெட்டி. ஆறு பக்கமும் சேர்த்து சுமார் 33 சதுர மீட்டர். 2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ. சட்டம், கதவு, ஜன்னல் எதுவும் சேராமல் தகடு மட்டுமே 500 கிலோவைத் தாண்டிவிட்டது. அதே அளவை 50 மி.மீ. பஃப் பேனலில் (நடுவில் நுரை வைத்த பலகை), இரு பக்கமும் அரை மி.மீ. தகடு வைத்துச் செய்தால் மொத்தம் 330 கிலோ. வெயிலையும் அதுவே தடுக்கும். வெளித்தோல் ஃபைபராக இருந்தால் இன்னும் குறையும்.

உள்ளே மர வேலை செய்பவர் பெரும்பாலும் வீட்டு அலமாரி செய்து பழகியவர். 18 மி.மீ. ப்ளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 35 கிலோவுக்கு மேல் வரும். பத்து ஷீட் போட்டால் ஐந்து ஆட்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி. 9 அல்லது 12 மி.மீ. போதும் என்று அவரிடம் பிடிவாதமாகச் சொல்லுங்கள். கதவு வேண்டாத இடத்தில் துணிப்பை, வலை போடலாம்.

கட்டத் தொடங்கும் முன் வெறும் வண்டியை எடை மேடையில் ஏற்றி முன் ஆக்சில் (சக்கர அச்சு) எவ்வளவு, பின் ஆக்சில் எவ்வளவு என்று தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் ஒரு முறை, முடிந்து தண்ணீரும் ஆட்களும் ஏறியபின் ஒரு முறை. ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடைக்கு 10 சதவீதமாவது கீழே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. பின்பக்கம் நீட்டும்போது, பின் ஆக்சிலுக்குப் பிறகு தொங்கும் நீளம் வீல்பேஸில் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரத்தில்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மலைக்கு அதில் பாதி இருந்தாலே நல்லது. கொண்டை ஊசி வளைவில் பெட்டியின் பின்மூலை தரையில் உரசாது.

பெட்டியை சேசிஸில் எப்படிப் பூட்டுவது? யு போல்ட் போட்டு இறுக்கினால் ஆகாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

லாரி சேசிஸ் இரண்டு நீளச் சட்டமும் அவற்றைக் கோக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த ஏணி. ஒரு முன்சக்கரம் கல்லில் ஏறி, எதிர்மூலைப் பின்சக்கரமும் மேட்டில் ஏறினால் அந்த ஏணி முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக்கொடுக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். மரக்கட்டை வைத்து யு போல்ட் போட்ட சரக்குப் பாடியும் கூடவே கொஞ்சம் வளையும், கிறீச்சிடும், தாங்கிவிடும். நம் பெட்டியில் ஆறு பக்கமும் ஒட்டிய பேனல். அது வளையாது. வளையாததை வளைவதன் மேல் நீளம் முழுக்க இறுக்கினால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். முதலில் கதவு மூடாது, அடுத்து மூலை ஒட்டு பிரியும், கடைசியில் சேசிஸில் போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும்.

ஆகவே நடுவில் ஒரு துணைச் சட்டம் வேண்டும். பெட்டி அதன் மேல் இறுக்கமாக உட்காரும். அது சேசிஸின் மேல் விட்டுக்கொடுத்து உட்காரும். சுலபமான முறை ஸ்பிரிங் போல்ட். பின்பக்கம் இரண்டு பக்கமும் அசையாமல் பூட்டிவிட்டு, முன்பக்க போல்ட்களில் சுருள் ஸ்பிரிங் வைத்தால், சேசிஸ் முறுக்கும்போது துணைச் சட்டத்தின் முன்பகுதி ஓரிரு சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் நகராமலிருக்க வழிகாட்டித் தகடுகள் கட்டாயம். இன்னும் கரடான பாதைக்கு மூன்று புள்ளி முறை: பின்னால் இரண்டு தாங்கி, முன்னால் நடுவில் சுழலும் தாங்கி ஒன்று. சேசிஸ் எப்படி முறுக்கினாலும் பெட்டிக்கு அது போகாது. ஆனால் எடை முழுவதும் மூன்றே இடத்தில் இறங்குவதால் அந்த இடங்களில் சட்டத்தைக் கணக்குப் பார்த்து வலுப்படுத்த வேண்டும். 407 அளவுக்கும் எஸ்டேட் பாதைக்கும் ஸ்பிரிங் முறையே போதும் என்பேன்.

பட்டறையில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது: சேசிஸ் சட்டத்தில் வெல்டிங் கூடாது. மேல், கீழ் மடிப்பில் ஓட்டை போடக் கூடாது. பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சட்டத்தின் செங்குத்தாக நிற்கும் பக்கத்தில் கம்பெனி விட்டிருக்கும் ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விடுங்கள். உள்ளேயே போக வழி வேண்டுமென்றால் நடுவில் ரப்பர் மடிப்புதான். தகடு வைத்து மூடினால் கிழிந்துவிடும்.

முடிந்ததும் சமதளத்தில் ஒரு சோதனை. முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் 20 செ.மீ. கட்டைமேல் ஏற்றி நிறுத்துங்கள். பெட்டியின் கதவும் ஜன்னலும் எப்போதும் போலத் திறந்து மூட வேண்டும். பிறகு மறுமூலை மாற்றி ஏற்றிப் பாருங்கள். கதவு பிடித்தால் மலைக்குப் போகாதீர்கள், பட்டறைக்குத் திரும்புங்கள்.

மின்சாரத்துக்கு எவ்வளவு பேட்டரி? ஏ.சி. ஓடுமா?

சிறு ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, விளக்கு, போன், லேப்டாப், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 யூனிட் ஆகும். 12.8 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 2.5 யூனிட் இருக்கிறது. இரண்டு நாளுக்குச் சரி. வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி விலை குறைவு, ஆனால் 150 ஆம்பியருக்கு ஒன்று 50 கிலோவைத் தாண்டும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுளும் குறையும்.

கூரையில் 400 வாட் சோலார் போட்டால் சேலத்து வெயிலில் நிறைவாக வரும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அதை நம்பி இருக்க முடியாது. ஆகவே வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்றும் டி.சி. சார்ஜர் ஒன்று அவசியம். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும், பார்த்து வாங்குங்கள். பேட்டரி முனையை ஒட்டியே ஃப்யூஸ் இருக்க வேண்டும். 2,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு ஒயரைப் போட்டால் சூடேறி எரியும்.

ஏ.சி. ஒரு ராத்திரிக்கே 5, 6 யூனிட் கேட்கும். அந்தக் காசையும் எடையையும் சேர்த்து வையுங்கள். சித்திரை வெயிலில் சேலத்தில் வண்டிக்குள் தூங்க ஆசைப்படுவதை விட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு ஏறிவிடலாம்.

உள்ளே சமைக்கலாமா? குளிருக்குக் கரி அடுப்பு வைக்கலாமா?

கரி அடுப்பு பெட்டிக்குள் கூடவே கூடாது. மார்கழிக் குளிரில் மூடிய இடத்தில் கரி மூட்டிவிட்டுப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அணைந்ததுபோல் தெரியும் கரியும் அதை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கம்பளி கூடுதலாக எடுத்துப் போங்கள். சமைக்க எரிவாயு வைத்திருக்கும் எவரும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் படுக்கை அருகே வைத்தாக வேண்டும்.

எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டருக்கு வெளியே திறக்கும் தனி அறையும் அதன் அடியில் மூடாத ஓட்டையும் வேண்டும். 5 கிலோ சிறு சிலிண்டர் போதுமானது. வானம் தெளிவாக இருந்தால் வெளியே அடுப்பு வைத்துச் சமைப்பதே சுகம். குழம்பு வாசனை மெத்தையில் ஏறாது, ஆவியும் சுவரில் தண்ணீராக வழியாது. மூச்சிலிருந்தே இரவெல்லாம் ஈரம் சேரும் என்பதால் குளிரிலும் மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் படுக்க வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு?

நான்கு பேருக்கு 120 முதல் 150 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை மறக்காமல் தொட்டியை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, தாழ்வாக வையுங்கள். நடுவில் தடுப்புத் தகடு இருந்தால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் அடித்து வண்டியைச் சாய்க்காது. உருக்காலை இருக்கும் ஊர் நம்முடையது, 304 தரத் துருப்பிடிக்காத எஃகில் தொட்டி செய்ய ஆள் தேட வேண்டியதில்லை.

கழிவுநீரைப் பிடித்து வைக்கவும் தொட்டி வேண்டும். சேர்வராயன் மலையில் ஓடும் ஒவ்வொரு ஓடையும் கீழே ஏதோ ஒரு கிராமத்துக்குக் குடிநீர். அதில் சோப்புத் தண்ணீர் விட யாருக்கும் உரிமையில்லை.

வயதான அம்மா, அப்பாவைக் கூட்டிப்போக முடியுமா?

முடியும், அவர்களை நினைத்து முதலிலேயே வரைந்தால். லாரியின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல். இழுத்துவிடும் படி ஒவ்வொன்றும் 20 செ.மீ. உயரத்தில், இரு பக்கமும் பிடிக்கக் கம்பியோடு இருக்கட்டும். கையடக்கக் கழிப்பறை கட்டாயம். இரவில் பனியில் அவர்களை இறக்கக் கூடாது. ஓடும்போது அவர்கள் உட்கார வேண்டியது கேபினில், பெல்ட் போட்டு. இதற்காகவே இரண்டு வரிசை இருக்கை உள்ள கேபினை எடுக்கலாம்.

டயர்?

பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் இடையில் கல் சிக்கிப் பக்கவாட்டைக் கிழிக்கும். இறங்கும்போதெல்லாம் குனிந்து பாருங்கள். ஸ்டெப்னியைப் பெட்டியின் பின்கதவில் மாட்டாமல் சேசிஸிலேயே மாட்டுங்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் புகைகிறது. என்ன செய்வது?

4.5 டன் வண்டி ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றல் கிட்டத்தட்ட 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது எங்காவது வெப்பமாக வெளியேற வேண்டும்: பிரேக் டிரம்மில், அல்லது எஞ்சினில். எஞ்சினில் போகவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டுவதும் எஞ்சினை அணைப்பதும் கூடாது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் எஞ்சினால்தான் வருகிறது. விட்டு விட்டு அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். புகை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆறும்வரை காத்திருங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும்.

எடை குறைந்தால் இந்த 15 யூனிட்டும் அதே விகிதத்தில் குறையும். லேசாகக் கட்டச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

எங்கே நிறுத்தித் தங்கலாம்?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும் தங்குவதும் குற்றம். எஸ்டேட்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துவது நல்ல வழி. நாகலூர், மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு பக்கம் மலைக் கிராமங்களில் ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தினால் மரியாதையும் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கும். சேர்வராயன் கோயில் மேடு வழிபாட்டு இடம், அங்கே அடுப்பு மூட்ட வேண்டாம். இரவில் காட்டெருமை வரும். வந்தால் விளக்கடிக்காமல், ஹாரன் அடிக்காமல், உள்ளேயே இருங்கள்.

மழைக்காலத்தில் போகலாமா?

தூறலுக்குப் போகலாம். புயல் எச்சரிக்கை இருந்தால் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படி ஒரு பாதை அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறது, ஆனால் அதே மழை அங்கேயும்தான் பெய்கிறது. சரிவை ஒட்டியும், காய்ந்த ஓடைப் படுகையிலும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

முதலில் எதற்குச் செலவு செய்வது?

பிரேக், ஸ்பிரிங் பட்டை, டயர், துணைச் சட்டம். அப்புறம் பெட்டி. அதற்கடுத்து பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும். உள் அலங்காரம் கடைசி. வெறும் மெத்தையும் ஒரு ஸ்டவ்வும் போட்டு சில வாரக் கடைசிகளில் 32 கிலோமீட்டர் ஏற்காடு சுற்றுப்பாதையில் போய்த் தங்கிப் பாருங்கள். அலமாரி எங்கே வேண்டும், எங்கே தலை இடிக்கிறது, படுத்தால் எந்தப் பக்கம் ஜன்னல் வேண்டும் என்று அதற்குள் தெரிந்துவிடும். தச்சரை அதன் பிறகு கூப்பிடலாம்.